எழுபத்தைந்து கேலன்

மெர்ல் பென்னர் இருநூறு டாலர் கேட்டார்.
நூற்றெண்பது கொடுத்தேன்.
கண்ணாடியின் இடது மூலையில் கீறல்,
அடியில் ஓரங்குலம் கறுத்த மணல்,
தண்ணீர் நின்றிருந்த கோட்டுக்கு மேலே
உப்புப் பூத்துக் காய்ந்த வெள்ளை.
"மனைவியுடையது" என்றார்.
எங்கே அவர் என்று நான் கேட்கவில்லை.
வாசலில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்தான் இருந்தது.

நியூட்டனிலிருந்து ஹட்சின்சன் வரை
பிக்கப்பின் முதுகில் தொட்டி,
என்னிடமிருந்த கம்பளி அத்தனையும் சுற்றி.
பத்துப் பாறைகள் வாளியில், ஈரத்துண்டு போர்த்தி.
இருபுறமும் கோதுமை.
காற்றில் அசையும் கோதுமையைக்
கடல் என்று சொல்லாதவர் இந்தக் கான்சஸில் இல்லை.
அவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை.
நானும்தான்.

எனக்கு வேலை அறுநூற்றைம்பது அடிக்குக் கீழே,
உப்புச் சுரங்கத்தில்.
கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்
வற்றிக்கொண்டே போன ஒரு கடல் அது;
மேல்தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை.
அதை வெட்டி லாரியில் ஏற்றுகிறோம்,
பனி விழுந்த சாலைகளில் தூவ.
தொட்டிக்கு அந்த உப்பு ஆகாதாம்.
விச்சிட்டா போய்த் தொண்ணூறு டாலருக்கு
ஒரு வாளி உப்பு வாங்கி வந்தேன்.
கூண்டில் என்னோடு இறங்கும் லோட்டி உன்ரூ
மூன்று நாள் சிரித்தாள்:
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்,
இவன் தண்ணீரை வாங்கி உப்பைக் கொட்டுகிறான்.

பாறைகளைத் துணி பிரஷ்ஷால் தேய்த்தது முதல் தவறு.
குழாயடியில், குழாய்த் தண்ணீரில்.
சோப்புப் போடவில்லை, அவ்வளவு அறிவு இருந்தது.
ஒன்பது தேய்த்ததும் கை ஓய்ந்துவிட்டது.
பத்தாவதை அப்படியே வைத்தேன்.

பிறகு, தண்ணீர் வற்ற வற்ற
உப்புத் தண்ணீரையே ஊற்றினேன்.
உப்புமானியில் நீலக் கோடு
நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.
கடைப் பையன் ஃபோனில் பொறுமையாகச் சொன்னான்:
"போவது தண்ணீர் மட்டும்தான், சார்.
உப்பு எங்கேயும் போகாது."
இருபது வருடமாக அதன் நடுவில் நிற்கிறேன்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீன் விடக்கூடாது, ஆறு வாரம்.
சூப்பர் மார்க்கெட் இறால் ஒன்றைப் போட்டு
அழுகவிட்டேன்.
கடல் அப்படித்தான் ஆரம்பிக்குமாம்.
வீடு நாறியது.
சோதனைக் குழாயில் மஞ்சளாக வேண்டியது
பச்சையாகவே நின்றது.
நாற்காலி போட்டு உட்கார்ந்து
ஒன்றுமில்லாத தண்ணீரைப் பார்த்தேன்.
ஞாயிறுதோறும் மெர்ல் ஒரு வரி அனுப்புவார்:
மீன் விட்டாச்சா?
இன்னும் இல்லை.

முப்பத்தேழாம் இரவு, ஷிஃப்ட் முடிந்து வந்து
டார்ச் அடித்தபோது
பத்தாவது பாறையின் இடுக்கில்
கண்ணாடிபோல் ஒரு தண்டு,
நுனியில் மயிரிழை விரல்கள்,
எதையோ எண்ணிக்கொண்டு.
நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.
பொழுது விடியும்வரை
அதுவும் நானும்.

"அது களை, சார்" என்றான் கடைப் பையன்.
"கடற்சாமந்தியில் மோசமான ஜாதி.
எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றி
வாயிலேயே குத்திவிடுங்கள்.
ஒன்றை விட்டால் நூறாகும்."

மெர்லுக்கும் படம் அனுப்பினேன்.
நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது:
ஒரு கோடைக்காலம் முழுக்க
அவள் இதோடுதான் மல்லுக்கட்டினாள்.
ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சற்றுப் பொறுத்து இன்னொன்று:
அவளிடம் சொல்லட்டுமா?

சொல்லுங்கள் என்றேன்.

ஊசி வாங்கிவிட்டேன்.
இன்று அரை கேலன் நல்ல தண்ணீர் ஊற்றினேன்,
மார்க்கரில் போட்ட கோடு வரை.
அது வெடுக்கென்று சுருங்கியது,
பிறகு மெல்ல விரிந்தது.
பக்கத்தில் புதிதாக ஒரு பொட்டு,
கடுகளவு.
மீன் எங்கே என்கிறாள் லோட்டி.
ஃப்ரிட்ஜில் எலுமிச்சையின் தோல்
கல்லாகிக்கொண்டிருக்கிறது.